சோதிக்காமல் உள்ளே போன பை

கிராம நிர்வாக அலுவலராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் மக்களே, பயிற்சியில் உங்களுக்கு அடங்கல் எழுதச் சொல்லித் தந்திருப்பார்கள். புலப்படத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்று காட்டியிருப்பார்கள். வெள்ளம் வந்தால் முதலில் யாருக்குப் போன் செய்வது என்பதும் தெரிந்திருக்கும். ஆனால் போலீஸ் அடுத்தவர் வீட்டைச் சோதனை போடும்போது, சாட்சி என்ற பெயரில் அந்த வீட்டு நடுக்கூடத்தில் எப்படி நிற்பது என்று ஒருவரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் ஒரு முன்னாள் அமைச்சரின் வீட்டில் ஒரு பகல் முழுக்க, சூடு பட்ட கோழிபோல் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றேன்.

இரண்டு முழங்காலும் ஒத்துழைக்க மறுத்ததால் ஐம்பத்தாறிலேயே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வேலை போனாலும் பதற்றம் போகவில்லை. இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து மூன்று தடவை எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டேன். யாரும் வரவில்லை. வந்தாலும் என்னிடம் இப்போது ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்த்தேன்.

முதலில் என் பை. கறுப்பு ரெக்சின் பை. வார் மட்டும் மூன்று தடவை தைத்தது. அலுவலகத்துப் பீரோவில் கரையான் ஏறியதிலிருந்து எல்லாவற்றையும் அதிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். முத்திரை, மைப்பெட்டி, பதில் எழுதாத மனுக்கள், சர்க்கரை மாத்திரை, போன கிறிஸ்துமஸுக்கு யாரோ தந்த முந்திரிக்கொத்துப் பொட்டலம். ஊரில் அதற்கு ‘நடமாடும் தாலுகா ஆபீஸ்’ என்று பெயர். நானும் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் வருவாய் ஆய்வாளர் போன் செய்தார்.

“ஓய், ஆறரைக்குக் கருங்கல் ஜங்ஷன்ல நில்லும். ஒரு வண்டி வரும். கேறிக்கிடும். எதுக்குன்னு மட்டும் கேக்காதையும்.”

கேட்காதே என்று சொன்னபிறகு ஒரு மனிதன் வேறு எதை நினைப்பான்? என்னைத்தான் பிடிக்கப் போகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். இருபத்தைந்து வருடப் பாவங்கள் அத்தனையும் அடுக்களை வாசலில் வரிசையாக வந்து நின்றன. அவசரத்தில் கொடுத்த ஒரு சாதிச் சான்று. அளக்காமலே அளந்ததாக எழுதிய ஒரு வாய்க்கால். எல்லாவற்றுக்கும் மேலே, வாரிசுச் சான்று வாங்கிப்போன ஒருவர் சந்தோஷத்தில் வீட்டில் இறக்கிவிட்டுப் போன ஒரு மட்டிப்பழக் குலை.

“அந்தக் குலையைத் திருப்பிக் குடுக்க வழி உண்டா?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“தின்னு தொலியையும் வெளிய போட்டாச்சு. இனி எங்கேருந்து குடுப்பிய?”

“அதுக்குத்தான் பிடிக்க வாறாங்க போல.”

“அதை நானும்தானே தின்னேன்? அப்பம் என்னையும் கேற்றிட்டுப் போவாவளா? நில்லுங்க, நல்ல சேலை உடுத்திட்டு வாறேன்.”

இப்படிப்பட்ட ஆறுதலோடு கிளம்பினேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டது யோசித்துச் செய்ததல்ல. கண்ணாடி போடுவதுபோல, செருப்பு மாட்டுவதுபோல, அதுவாகத் தோளில் ஏறிவிட்டது.

வேனுக்குள் ஒரு டி.எஸ்.பி., ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர், நான்கு காவலர்கள். கடைசி இருக்கையில், பேரூராட்சி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கும் ஷீபா. அவளையும் தலைகூடச் சரியாகச் சீவ விடாமல் கூட்டி வந்திருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

“சார், நம்மளைப் பிடிக்கவா, நம்மளை வச்சுப் பிடிக்கவா?”

டி.எஸ்.பி. திரும்பிச் சிரித்தார். வெளி மாவட்டத்துக்காரர். எங்கள் பேச்சு அவர் காதுக்குப் பாட்டுபோல் கேட்டிருக்கும். “ரெண்டு பேரும் சாட்சி. அரசு ஊழியர்ங்கிறதால கூப்பிட்டோம். ஒரு வீட்டைச் சோதனை போடப் போறோம். கூட இருந்து பாருங்க. பார்த்ததுக்குக் கடைசியில கையெழுத்துப் போடுங்க. அவ்வளவுதான்” என்றார்.

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. அவ்வளவுதானா! அடுத்தவர் வீடா! வேன் நெய்யூர் சாலையில் திரும்பி ஒரு பெரிய இரும்புக் கேட்டின் முன்னால் நின்றபோதுதான் அது யார் வீடு என்று தெரிந்தது.

அவர் அமைச்சராக இருந்த காலத்தில் அந்தச் சாலையில் பால்காரன் சைக்கிள்கூட நுழைய முடியாது. இருபுறமும் கார்கள் நிற்கும். இப்போது நாய் ஒன்று கேட்டுக்கு உள்ளே படுத்திருந்தது. எங்களைப் பார்த்து ஒரு கண்ணைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டது. எனக்கும் அவருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஒரு சான்றிதழுக்கு நான் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன் என்பதற்காக என்னை மலையோர ஊர் ஒன்றுக்குத் தூக்கி அடித்தவர் அவர். மூன்று வருடம் யானைச் சாணத்தைத் தாண்டித்தான் அலுவலகம் போனேன். ஆகவே கேட் திறந்தபோது என் மனத்தின் ஒரு மூலையில் ஒரு சிறிய பட்டாசு வெடித்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அவர் வேட்டியும் பனியனுமாக வந்தார். நீதிமன்ற வாரண்டை வாங்கிக் கண்ணாடி போட்டு, நின்றபடியே, கடைசி வரி வரைக்கும் வாசித்தார். டி.எஸ்.பி. மரியாதையாகச் சொன்னார்.

“சார், நாங்க உள்ளே வர்றதுக்கு முன்னாடி எங்க எல்லாரையும், எங்க பைகளையும் நீங்க சோதிச்சுப் பார்த்துக்கலாம். அதுதான் முறை.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அரசாங்கம் ஒருவர் வீட்டுக்குள் எதையோ தேடப் போகிறது என்றால், அந்தப் பொருளைத் தானே கொண்டுபோய் வைக்கவில்லை என்று முதலில் காட்டியாக வேண்டும். வெறுங்கையோடு போனதைக் காட்டினால்தான், வரும்போது கையில் இருப்பதை ஊர் நம்பும். வீட்டுக்காரர் முன்னாள் அமைச்சரானாலும் சரி, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவரானாலும் சரி, முறை ஒன்றுதான்.

முன்னாள் அமைச்சர் கையை ஆட்டினார். “எங்க வீட்டுக்கு வாறவங்களைத் தடவிப் பாக்குத வழக்கம் எங்க அப்பன் காலத்துலேயே கிடையாதாக்கும். கேறி வாருங்க.”

எங்கள் பக்கத்தில் ‘கேறி வாருங்க’ என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டால், அதற்குமேல் படியில் நின்று வாதாடுவது மரியாதைக் கேடு. எதிரி சொன்னாலும் ஏறித்தான் ஆக வேண்டும். டி.எஸ்.பி.யும் நேரம் மிச்சம் என்று ஏறினார். நானும் பையோடு ஏறினேன். முன்னாள் அமைச்சரின் கண் ஒரு நொடி என் பைமேல் நின்றது. இன்னும் அதே பழைய பையா என்று ஏளனமாகப் பார்க்கிறார் என்று நினைத்தேன். வீடியோ எடுக்க வேண்டிய காவலர் அப்போது வேனில் சார்ஜர் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் கூடத்தில் உட்கார்ந்தபிறகுதான் பதிவு தொடங்கியது.

வீட்டம்மா வந்து, “சாயா இடட்டுமா?” என்று கேட்டார். டி.எஸ்.பி. வேண்டாம் என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் வேண்டாம் என்று நானும் தலையாட்டினேன். தோள் வலித்ததால் பையைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன்.

டி.எஸ்.பி. எங்கள் இருவரையும் பக்கத்தில் அழைத்து, என்ன தேடுகிறோம் என்று சொன்னார். ஊர்க்குளத்தின் கரைப் புறம்போக்கில் ஒரு துண்டு, இவர் அமைச்சராக இருந்த காலத்தில் தனியார் நிலமாக மாறியிருக்கிறது. பத்திரம் இவருடைய மனைவியின் தம்பி பேரில் இருக்கிறது.

“மச்சினன் வெறும் பேர்தான், உண்மையான சொந்தக்காரர் இவர்தான்னு நாங்க சொல்றோம். அசல் பத்திரம் மச்சினன் வீட்ல இல்ல, நேத்தே பார்த்தாச்சு. அது இந்த வீட்ல இருந்தா, கேஸ் பாதி முடிஞ்ச மாதிரி. புரியுதா? பத்திரத்துல என்ன எழுதியிருக்குங்கிறது முக்கியமில்ல. அது எங்கே கிடைக்குதுங்கிறதுதான் முக்கியம்.”

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் அந்த மச்சினன் பட்டா மாறுதலுக்காக என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். அசலைக் கொண்டு வந்து காட்டினார். நாம் அசலைப் பார்த்துவிட்டு, அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பயிற்சியில் சொல்லியிருப்பார்களே. எனக்கும் சொன்னார்கள். ஆனால் அன்றைக்கு மழை, கரண்டு இல்லை, எல்லை அளவுகளைச் சரிபார்க்க வேண்டும். “வச்சிட்டுப் போங்க, நாளைக்கு வாங்கிக்கிடலாம்” என்றேன். அவர் மறுநாள் வந்தபோது நான் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அதற்கடுத்த நாள் நான் இருந்தேன், அவர் வரவில்லை.

அரசாங்கம் வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்த அந்த அசல் பத்திரம் முந்திரிக்கொத்துப் பொட்டலத்துக்குக் கீழே, என் பையில், அந்த மனிதரின் சாப்பாட்டு மேசைமேல் இருந்தது.

எங்கள் ஊரில் வெப்ராளம் என்று ஒரு சொல் உண்டு. பயம் என்று சொன்னால் போதாது. வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு எலி புகுந்து, வழி தெரியாமல் மேலும் கீழும் ஓடுமே, அது. என் எலி ஓடத் தொடங்கியது. பையை எடுத்து மடியில் வைத்தேன். மடியில் வைத்தால் சந்தேகம் வரும் என்று கீழே வைத்தேன். கீழே வைத்தால் யாராவது தட்டிவிட்டுப் பத்திரம் வெளியே விழும் என்று மறுபடி தூக்கினேன். வீட்டம்மா என்னைப் பார்த்து, “உங்களுக்கு வயிறு கொள்ளாதா?” என்று கேட்டார்.

வயிறு! நல்ல யோசனை. வயிற்றைப் பிடித்தபடி பையோடு வாசலுக்கு நடந்தேன். கேட்டில் நின்ற காவலர் கையை நீட்டினார்.

“வெளிய போறதுன்னா பையைத் திறந்து காட்டிட்டுப் போங்க சார். வீட்டுக்குள்ள இருந்து எதுவும் வெளிய போகக்கூடாதுன்னு உத்தரவு.”

உள்ளே வரும்போது ஒருவரும் பார்க்கவில்லை. வெளியே போகும்போது பார்ப்பார்கள். எலிப்பொறியின் அமைப்பும் அதுதானே! “இப்பம் வயிறு சரியாயிட்டு” என்று சொல்லித் திரும்பி வந்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே அதற்குள் ஐம்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். கட்சிக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், என் ஊர்க்காரர்கள்.

சோதனை முறையாகவே நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டம்மாவின் பீரோவைப் பெண் சப்-இன்ஸ்பெக்டர்தான் திறந்தார். ஆண்கள் எல்லாரும் வெளியே நின்றோம். பின்பக்கம் தனிக் கதவு எண்ணோடு ஒரு கட்டடம் இருந்தது. டி.எஸ்.பி. அதை நோக்கி நடந்தார்.

“சாரே, அந்த நம்பர் உம்ம கடலாசுல உண்டா?” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார் முன்னாள் அமைச்சர்.

டி.எஸ்.பி. நின்றார். வாரண்டை எடுத்துப் பார்த்தார். “இல்ல” என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டார். உள்ளே என்ன இருந்ததோ, கடவுளுக்குத்தான் தெரியும். ஒரு கோடு போட்டிருக்கிறது, அதைத் தாண்டக் கூடாது என்று தெரிந்த அதிகாரி அவர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் மத்தியானத்துக்குமேல் அதே மனிதர் களைத்துப்போனார்.

மூன்று அறைகள், மாடி, பரண் எல்லாம் பார்த்தாயிற்று. பத்திரம் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? நான்தான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறேனே. ஷீபா என் பக்கத்தில் வந்தாள்.

“சார், எதுக்குப் பையைப் பச்சப்பிள்ளையைப் போல ஏந்திட்டு நிக்கிய? மூஞ்சி எல்லாம் வெளுத்துப் போச்சு.”

சொன்னேன். அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“ஏ ஆண்டவரே! காலத்தே இருந்து இதை வச்சிட்டா சுத்துதிய?”

“பேசாம இருந்துட்டா என்ன? சாயங்காலம் எல்லாரும் போறப்பம் கூட்டத்தோட நழுவீரலாம்.”

“எங்க நழுவுதது? அங்க பாருங்க.” மூலையில் ஒரு காவலர் மடிக்கணினியில் மகசர் தட்டிக்கொண்டிருந்தார். அதாவது, அன்றைக்கு நடந்ததை எழுதி நாங்கள் கையெழுத்துப் போட வேண்டிய அறிக்கை. “முதல் பாரா நேத்தே அடிச்சு வச்சிருக்காவ. நான் எட்டிப் பாத்தேன். ‘உள்ளே நுழையும் முன் நாங்கள் எல்லோரும் சோதிக்கப்பட்டோம். எங்களிடம் ஆட்சேபகரமான எதுவும் இல்லை’ன்னு எழுதியிருக்கு. அதுக்குக் கீழ ஒங்க பேரு. ஒங்க பேருக்குக் கீழ எம்பேரு.”

“நீ சின்னப்பிள்ளை, ஒனக்கு ஒண்ணும் வராது.”

“ஒங்களுக்கு முடியப்போற சர்வீஸ். எனக்கு இனிமேதான் கிடக்கு. நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?”

அவள் சொல்லியிருப்பாள். அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு வீரம் எல்லாம் வரவில்லை. அவள் வாயால் தெரிவதைவிட என் வாயால் தெரிந்தால் தண்டனை கொஞ்சம் குறையும் என்ற கணக்குத்தான். டி.எஸ்.பி.யைப் பின்பக்க வராந்தாவுக்கு அழைத்தேன். ஷீபாவும் கூடவே வந்தாள். பையைத் திறந்தேன். முதலில் முந்திரிக்கொத்துதான் வந்தது. பிறகு பத்திரம்.

அவர் அதை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சிரிக்க முயன்றேன். அது எப்படி வந்ததோ தெரியாது, அவர் முகம் இன்னும் மோசமானது.

“ஆறு மாசமா இதுக்கு அலையுறேன்யா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பத்திரத்தை மறுபடி மடித்தார். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

“பை எங்கே இருந்துச்சு?”

“சாப்பாட்டு மேசைமேல சார்.”

“யார் வீட்டு மேசை?”

“இவங்க வீட்டு மேசை.”

“அப்போ பத்திரம் இந்த வீட்டு மேசைமேல இருந்துச்சு. ‘சாப்பாட்டு மேசையின் மேலிருந்து கைப்பற்றப்பட்டது.’ இதுல எந்த வார்த்தை பொய்?”

மக்களே, யோசித்துப் பாருங்கள். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பை என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் போதும். என்மேல் குற்றம் வராது. டி.எஸ்.பி.க்குக் கேஸ் முடியும். என்னை யானைச் சாணத்தில் நடக்கவிட்ட மனிதர் மாட்டிக்கொள்வார். அவர் அந்தக் குளத்தங்கரையைச் சுருட்டியிருக்க மாட்டார் என்று சத்தியம் செய்ய நான் தயாராக இல்லை. இன்றைக்கும் தயாராக இல்லை. மனத்தின் மூலையில் அந்தப் பட்டாசு இந்தத் தடவை ஒரு சரமாகவே வெடித்தது.

“இல்லாட்டி,” என்றார் டி.எஸ்.பி., “அசல் பத்திரத்தை வி.ஏ.ஓ. ரெண்டு வாரமா பையில வச்சிருந்தார்னு எழுதணும். உங்க கலெக்டர் ஆபீஸ் உங்களைச் சும்மா விடுமா?”

எலி நெஞ்சுவரை வந்தது. அப்போது என் வாய் தானாகப் பேசத் தொடங்கியது. பயந்தால் எனக்கு வாய் நிற்காது.

“சார், நான் ஒரு பேடி. பொண்டாட்டிகிட்ட பொய் சொன்னாலே எனக்கு விக்கல் வரும். இதை எழுதுனா நாலு வருஷம் கழிச்சுக் கோர்ட்ல கூப்பிடுவாங்க. வக்கீல் கேப்பாரு. அதுவரை தினமும் காலத்தே எழுந்து இந்தப் பொய்யைக் கீழ விழாம தூக்கிட்டு நடக்கணும். அதுக்கெல்லாம் தைரியம் வேணும் சார். எனக்குக் கிடையாது. நீங்க ஆளு மாறித் தேர்ந்தெடுத்துட்டிய.”

டி.எஸ்.பி. ஷீபாவைப் பார்த்தார்.

“பைன்னு எழுதல்லன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்” என்றாள். இவ்வளவுதான் சொன்னாள். நான் ஒரு பக்கத்துக்குப் பேசியதை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

“சார், இந்தப் பத்திரம் ஒங்களுக்கு வேணும்னா தாசில்தாருக்குக் கடிதம் எழுதிக் கேளுங்க. நானே கொண்டுவந்து தாறேன்” என்று நானும் சேர்த்தேன். “ஆனா இந்த வீட்ல இருந்து எடுத்ததா மட்டும் ஆக்க வேண்டாம்.”

அவர் பின்பக்கக் கட்டடத்தை, காலையில் தான் தொடாமல் விட்ட அந்தக் கதவைப் பார்த்தார். அங்கே கோட்டைத் தாண்டாமல் நின்ற மனிதர்தான் இங்கேயும் நிற்கிறார் என்று அவருக்குத் தோன்றியிருக்குமோ என்னவோ. பத்திரத்தை என் கையிலேயே திருப்பித் தந்தார்.

“அந்த முதல் பாராவை எடுக்கச் சொல்றேன். நடந்ததை உங்க கையாலயே எழுதுய்யா. எழுத்துப் பிழை இருந்தா தொலைச்சிருவேன்.”

எழுதினேன். வீட்டுக்காரர் எங்களைச் சோதிக்கலாம் என்று சொல்லப்பட்டது, அவர் மறுத்தார். நான் சோதிக்கப்படாத பையோடு உள்ளே வந்தேன். மனைவியின் தம்பி பட்டா மாறுதலுக்காக என்னிடம் தந்த அசல் பத்திரம் அந்தப் பையில் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தது என் தவறு. இந்த வீட்டிலிருந்து அப்படிப்பட்ட ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. நாலு வரி எழுத முக்கால் மணி நேரமானது. நானும் ஷீபாவும் கையெழுத்திட்டோம்.

மகசரின் நகலை வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தார்கள். அவர் காலையில் வாரண்டை வாசித்ததைப் போலவே கடைசி வரி வரைக்கும் வாசித்தார். என் கையெழுத்தில் இருந்த பகுதிக்கு வந்ததும் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஓய், நீரு எனக்கு உபகாரம் செஞ்சதா நெனச்சீராக்கும்?”

“ஐயா?”

“பத்திரம் ஒம்மகிட்ட கிடக்குன்னு மச்சினன் எப்பமோ சொல்லியாச்சு. காலத்தே ஒம்மை அந்தப் பையோட கேட்ல கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துட்டு. பின்ன நான் எதுக்குப் பைய சோதிக்கப் போறேன்?” டி.எஸ்.பி. பக்கம் திரும்பினார். “அது இங்கதான் கிடைச்சதுன்னு நீங்க எழுதியிருந்தா, பத்திரத்தை வி.ஏ.ஓ.கிட்ட குடுத்ததுக்கு மச்சினன் கையில ரசீது இருக்கு. கோர்ட்ல அதை எடுத்து வச்சிருப்பேன். உங்க கேஸும் போயிருக்கும், உத்தியோகமும் போயிருக்கும். நான் மாலையோட வெளிய வந்திருப்பேன். இந்த மனுசன் ஒருத்தன் எல்லாத்தையும் ஒக்க நாசமாக்கிட்டான்.”

ரசீது! நானே எழுதிக் கொடுத்த ரசீது. அதை நான் மறந்தே போயிருந்தேன். டி.எஸ்.பி. என்னைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி, உள்பக்கத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். நான் நியாயஸ்தன் மாதிரி நின்றுகொண்டிருந்த அந்த வராந்தாவில், எனக்குத் தெரியாமலே இரண்டு பக்கமும் குழி இருந்திருக்கிறது. நடுவில் பயத்தால் மட்டுமே நேராக நடந்திருக்கிறேன்.

நகலைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட முன்னாள் அமைச்சர் பேனாவை எடுத்தபோது, அதுவரை ஓரமாக நின்ற வீட்டம்மா என் முன்னால் வந்தார்.

“அப்பம் அந்தப் பத்திரம் எங்க வீட்ல இருந்து எடுக்கல்ல, அப்படித்தானே?”

“இல்லம்மா.”

“காலத்தே இருந்து கேட்ல ஊரே நிக்குது. நாளைக்கு இவங்க போனதுக்குப் பொறகு, எடுத்தாங்க, மறைச்சாங்கன்னு ஆளாளுக்குப் பேசும். நான் கோயிலுக்குப் போணும், சந்தைக்குப் போணும். நீங்க எழுதினதை அங்க நின்னு சத்தமா வாசிச்சிட்டுப் போங்க.”

அப்படி வாசிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. டி.எஸ்.பி. அதைச் சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, “உங்க இஷ்டம் வி.ஏ.ஓ. சார்” என்றார். முன்னாள் அமைச்சர், “வேண்டாம்டி” என்றார். அந்த அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். முதல் தடவை வாசித்தது எனக்கே கேட்கவில்லை. “கேக்கல்ல ஓய்!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். ‘அதைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தது என் தவறு’ என்ற வரியை, என் ஊர்க்காரர்கள் ஐம்பது பேர் முன்னால், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாவது ஆள் சிரிக்கவில்லை. அவர் யோசனையாக என் பையைப் பார்த்தார்.

வழக்கு இன்னும் நீதிமன்றத்தில் இருக்கிறது. அது எப்படி முடிய வேண்டும் என்று சொல்வது என் வேலை இல்லை. எனக்கு வந்தது ஒரு குறிப்பாணை, ஒரு விசாரணை, கடைசியில் ஒரு கண்டனம். ஷீபாவுக்கு ஒன்றும் வரவில்லை. வரவும் கூடாது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அலுவலகத்தைத் திறக்கப் போனேன். எனக்கு முன்னாலேயே வாசலில் பதினோரு பேர் வரிசையாக நின்றார்கள். என்னைக் கண்டதும் யாரும் வணக்கம் சொல்லவில்லை. முதலில் நின்றவர் பையைக் காட்டிக் கேட்டார்.

“ஓய், எம் மவ பேருல உள்ள பத்திரமும் அதுக்குள்ள கிடக்கான்னு கொஞ்சம் பாரும்.”

மேசைமேல் பையைக் கவிழ்த்துக் கொட்டினேன்.

நாலு பேருடையது இருந்தது.